எதிர்ப்பு சக்தி இருந்தும் ஏன் வந்துச்சு?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக, ஊக்குநர்கள் இதைத் தங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயத்தைப் பேசப் போகிறோம். மலம், மலக்குடல், அங்கே வருகிற புற்றுநோய். சிரிப்பு வருகிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் சிரித்து முடித்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். இந்தக் கூச்சம்தான் நம் உறுப்பினர் ஒருவருடைய பத்து மாதத்தைத் தின்றுவிட்டது.

அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பேரும் ஊரும் சொல்லவில்லை. "என் பேரைச் சொல்ல வேணாம், ஆனா விஷயத்தை எல்லாருக்கும் சொல்லுங்க" என்று அவரே சொல்லி அனுப்பினார்.

அந்த அக்காவுக்கு 46 வயது. நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டு வருடமாகக் குழுவில் இருக்கிறார். ஒரு தவணை தவறியது கிடையாது. மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. "மூலமா இருக்கும், உடம்புச் சூடு" என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். மோர் குடித்தார், வெந்தயம் ஊற வைத்துக் குடித்தார். நிற்கவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அங்கே போனார். ஊசி போட்டார்கள், களிம்பு கொடுத்தார்கள். அதற்காகக் குழுவில் 12,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். தீர்மான நோட்டில் காரணம் "குடும்பச் செலவு" என்று எழுதியிருக்கிறது.

உடம்பு இளைத்தது. மூச்சு வாங்கியது. மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி கூட்டத்துக்குப் பத்து ரூபாய் வீதம் அபராதம் போட்டார்கள். "ஏன் வரலை, என்ன ஆச்சு?" என்று வீட்டுக்குப் போய் ஒருவரும் கேட்கவில்லை. குழுவை மட்டும் குறை சொல்லவில்லை. அந்த மாதங்களில் நாங்களும் இரண்டு முறை அந்த ஊருக்குப் போனோம். நோட்டைப் பார்த்தோம், கையெழுத்துப் போட்டோம், வந்துவிட்டோம்.

கடைசியில் வயலில் மயங்கி விழுந்த பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கொலனோஸ்கோப்பி என்று சொல்வார்கள். மலக்குடலில் கட்டி இருந்தது. துளி சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. முதலில் கரண்டு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அப்புறம் அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது வயிற்றில் பை வைத்துக்கொண்டு இருக்கிறார். சாப்பிடுகிறார், நடக்கிறார், பேசுகிறார்.

வார்டில் அவர் எங்களிடம் கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

"ஏம்மா, கொரோனா சமயத்துல நீங்க சொன்னீங்கன்னு கபசுரக் குடிநீர் குடிச்சேன். கீரை, கம்பங்கூழுன்னு நல்லாத்தானே சாப்பிட்டேன். கொரோனாகூட என்னைத் தொடலை. அப்போ எனக்கு எதிர்ப்பு சக்தி இருக்குன்னுதானே அர்த்தம்? இருந்தும் இது ஏன் வந்துச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்கிறோம் என்றோம். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

குடலுக்குள் நடக்கிற கணக்கு

நம் பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசிப் பதினைந்து சென்டிமீட்டர் அளவுதான் மலக்குடல். குடலின் உள்பக்கத் தோல் நாலைந்து நாளுக்கு ஒரு முறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது. பழைய செல் உதிரும், புது செல் பிறக்கும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் இருக்கிற மரபுக் குறிப்பு முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். நாம் பழைய லெட்ஜரைப் பார்த்துப் புது லெட்ஜரில் எழுதுகிறோமே, அது மாதிரி. எழுதும்போது தப்பு வரத்தான் செய்யும். அதைச் சரிபார்த்துத் திருத்த உடம்புக்குள்ளேயே தணிக்கை ஏற்பாடு உண்டு.

அந்தத் தணிக்கையிலும் தப்பித்த பிழைகள் சேர்ந்துபோனால், செல் தன் கட்டுப்பாட்டை இழந்து பெருக ஆரம்பிக்கும். முதலில் பாலிப் என்கிற சின்னச் சதை மொட்டாக இருக்கும். எல்லாப் பாலிப்பும் புற்றுநோய் ஆகாது. ஆகிறவையும் பெரும்பாலும் பத்து வருடம் அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்ளும். சகோதரிகளே, இந்தப் பத்து வருடத்தை மனதில் வையுங்கள். குழாய் விட்டுப் பார்க்கும்போதே பாலிப்பை வெட்டி எடுத்துவிடலாம். வரப்போகிற புற்றுநோயை வரும் முன்பே தடுத்த மாதிரி ஆகிவிடும்.

காவல்காரர் ஏன் விட்டுவிடுகிறார்?

இனி எதிர்ப்பு சக்திக்கு வருவோம். எதிர்ப்பு சக்தி என்பது டானிக் பாட்டிலில் அடைத்து விற்கிற ஒரு பொருள் இல்லை. ரத்தத்திலும், நெறிக்கட்டும் இடங்களிலும், குடல் சுவரிலும் சுற்றிக்கொண்டிருக்கிற பல வகைச் செல்கள் சேர்ந்து செய்கிற காவல் வேலை அது. குடலில் அந்தக் காவல் பலமாகவே இருக்கிறது. வேலையும் அங்கே கஷ்டம். சாப்பாட்டை விட்டுவிட வேண்டும், நல்ல கிருமிகளை விட்டுவிட வேண்டும், கெட்ட கிருமியை மட்டும் பிடிக்க வேண்டும்.

இந்தக் காவலில் முக்கியமானவை டி செல்கள். நம் செல் ஒவ்வொன்றும் தனக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சின்னத் துண்டுகளாக வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். டி செல் வந்து பார்க்கும். பழக்கமான துண்டாக இருந்தால் போய்விடும். பார்த்தறியாத துண்டாக இருந்தால், இது கெட்டுப்போன செல் என்று புரிந்துகொண்டு கொன்றுவிடும்.

இது உண்மையிலேயே நோயாளியின் ஆயுளில் தெரிகிற விஷயம். 2006-ல் பாரிஸில் ஜெரோம் கலோன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும், அறுவை செய்து எடுத்த குடல் கட்டிகளுக்குள் டி செல்களை எண்ணிப் பார்த்தார்கள். கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் டி செல்கள் அடர்த்தியாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது குறைவாக இருந்தது. 2018-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில், 2,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைச் சரிபார்த்தார்கள். அதே முடிவுதான் வந்தது.

அப்படியானால் புற்றுநோய் எப்படி வளர்கிறது? அந்நியன் வந்தால் காவல்காரர் சுலபமாகப் பிடித்துவிடுவார். கொரோனா கிருமி அந்நியன். புற்றுநோய் செல் அப்படி இல்லை. அது நம் சொந்த செல், நம் வீட்டுப் பிள்ளை கெட்டுப்போன மாதிரி. அதற்குத் தந்திரமும் தெரியும். சில செல்கள், வெளியே காட்ட வேண்டிய துண்டுகளைக் காட்டாமல் மறைத்துவிடும். சில செல்கள், டி செல் மேல் இருக்கிற ஒரு பொத்தானை அழுத்தி, "நம்ம ஆள்தான், சும்மா இரு" என்று அடக்கிவிடும். இந்தப் பொத்தான் இயற்கையாகவே நம் நன்மைக்காக இருப்பது. அது இல்லாவிட்டால் காவல்காரர் நம் உடம்பையே அடிக்க ஆரம்பித்துவிடுவார். நல்லதுக்கு வைத்ததைப் புற்றுநோய் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. காவல் அளவுக்கு மீறினாலும் கெடுதல்தான். பல வருடம் குடல் புண்ணாகி, அழற்சி ஆறாமலே இருக்கிற நோய் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு எதிர்ப்பு செல்களே குடலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வர வாய்ப்பு கூடுதல். அதனால் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கிட்டா போதும்" என்கிற பேச்சே சரியில்லை.

ஆகவே அந்த அக்காவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "அக்கா, நீங்க ஒரு தப்பும் பண்ணலை. உங்க எதிர்ப்பு சக்தி கம்மியும் இல்லை. கண்டுபிடிக்க முடியாதபடி அது ஒளிஞ்சிருந்துச்சு."

பொத்தானை விடுவிக்கிற மருந்து

அந்தப் பொத்தான்களில் ஒன்றை 1992-ல் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த தாசுகு ஹோன்ஜோ. இன்னொரு பொத்தானைத் தடுத்தால் டி செல்கள் புற்றுநோயை அடிக்கும் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். இரண்டு பேருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழியில் வந்த மருந்துகள், புற்றுநோயை நேராகக் கொல்வதில்லை. அடங்கிக் கிடக்கிற காவல்காரரை எழுப்பிவிடுகின்றன.

2022-ல் நியூயார்க்கில் மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு இப்படி ஒரு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. அறுவையும் தேவைப்படவில்லை, கரண்டும் தேவைப்படவில்லை. செய்தியில் வந்ததும், "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு" என்று பேச்சு பரவியது.

இதில் கவனமாக இருக்க வேண்டும். அந்த 12 பேரும் ஒரு தனி வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கட்டியில், முன்னால் சொன்னோமே, அந்தத் தணிக்கை ஏற்பாடே வேலை செய்யவில்லை. தணிக்கை இல்லாததால் பக்கத்துக்குப் பக்கம் பிழை. பிழை கூடியதால் பார்த்தறியாத துண்டுகளும் கூடுதல். பொத்தானை விடுவித்ததும் டி செல்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டன. குடல் புற்றுநோய் உள்ள 100 பேரில் 15 பேர் அளவில்தான் இந்த வகை. உடம்பெங்கும் பரவிய நிலையில் பார்த்தால் 100-க்கு நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்கு இந்த மருந்து தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் பலன் தருவதில்லை. விலையோ லட்சக்கணக்கில். எழுந்த காவல்காரர் தைராய்டையும் நுரையீரலையும் குடலையும் அடித்துவிடுகிற பக்கவிளைவும் உண்டு. யாரோ சொன்னார்கள் என்று நகையை அடகு வைத்துவிடாதீர்கள். "கட்டியை அந்தப் பரிசோதனைக்கு அனுப்பினீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஒரு தையல்காரப் பெண் சொன்னது

அந்தத் தணிக்கைக் குறை சிலருக்குப் பரம்பரையாகவே வரும். அது எப்படித் தெரியவந்தது என்பது நம்மைப் போன்ற ஒரு பெண்ணின் கதை.

1895-ல் அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் பாலின் கிராஸ் என்ற தையல்காரப் பெண் இருந்தார். நன்றாகத்தான் இருந்தார். ஆனால், "நான் சீக்கிரம் செத்துடுவேன். எங்க குடும்பத்துல எல்லாரும் குடல், வயிறு, கர்ப்பப்பையில நோய் வந்துதான் சாகிறாங்க" என்ற பொருளில், ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற டாக்டரிடம் சொன்னார். அந்த டாக்டர் அதை ஒதுக்கிவிடவில்லை. அந்தக் குடும்பத்தின் கணக்கை எழுதி எடுத்தார். விவரம் சேகரிக்கப் பாலின் கிராஸும் உதவினார். 1913-ல் டாக்டர் அதை வெளியிட்டார். பாலின் கிராஸ் தான் பயந்தபடியே 1919-ல், 46 வயதில், கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தார். பிறகு 1960-களில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் இதே மாதிரிக் குடும்பங்களைத் தேடித் தேடி எழுதினார். அதனால் இதற்கு லிஞ்ச் குறைபாடு என்று பெயர். 1990-களில் அதற்குக் காரணமான மரபணுக்களையும் கண்டுபிடித்தார்கள். ஒரு தையல்காரப் பெண் வாய் திறந்து சொன்னதிலிருந்து ஆரம்பித்தது இது.

நம் அக்காவிடமும் டாக்டர் கேட்டார், "உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?" என்று. "யாருக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி எங்களிடம் சொல்லி அழுதார். அவருடைய அம்மா 44 வயதில் "வயித்துக் கட்டி"யில் இறந்திருக்கிறார். பெரியம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் போயிருக்கிறார். ஏன் மறைத்தார்? மகளுக்கு 22 வயது. பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "பரம்பரை வியாதின்னு தெரிஞ்சா எம்பொண்ணை யாரு கட்டுவாங்க?"

இந்த பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மறைத்தால் மகளுக்குத்தான் ஆபத்து என்று பேசினோம். மறுநாள் டாக்டரிடம் சொன்னார். கட்டியைப் பரிசோதித்தார்கள், தணிக்கைக் குறை இருந்தது. ரத்தப் பரிசோதனையில் பரம்பரை வகை என்றும் உறுதியானது. இந்தக் குறை உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. குறை இருந்தாலே நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பொதுவாக இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே, ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டால், பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

மகளிடம் அம்மாவே சொன்னார். அந்தப் பிள்ளை, "மறைச்சுக் கட்டிக்கிட்டு, அப்புறம் வருஷா வருஷம் யாருக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போவேன்? நானே சொல்லிடறேன்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டது. அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவும் வர வேண்டியிருக்கிறது. நல்ல முடிவு வரட்டும் என்று நாமும் நினைப்போம்.

டாக்டர் வீட்டிலும் நடந்தது

நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால்தான் இறந்தார். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். டாக்டர் வீட்டிலேயே அன்றைக்கு இப்படி. அந்தத் துக்கத்தை அவர் மூடி வைக்கவில்லை. ஊர் ஊராகப் பேசி, பணம் திரட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

உலக அளவில் 2022-ம் ஆண்டில் மட்டும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடல் புற்றுநோய் வந்திருக்கிறது. ஏறக்குறைய 9 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்குப்படி, நோய் குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் 100-க்கு 90 பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் 100-க்கு 15 பேர் அளவில்தான். காலம்தான் இங்கே எல்லாமே.

முதலாவது, பாருங்கள். முன்பெல்லாம் இருட்டில் ஒதுக்குப்புறமாகப் போவோம். என்ன போகிறது என்று யார் பார்த்தோம்? இப்போது நம்மில் பலர் வீட்டில் கழிப்பறை இருக்கிறது. மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, மலம் கழிக்கும் பழக்கம் சில வாரமாக மாறியிருப்பது, போய் வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மூலம் என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். நாமும் இல்லை, சுவர் விளம்பரமும் இல்லை. கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரைக் கேளுங்கள், துணைக்கு ஒரு உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, ரத்தசோகை. பெண்கள் என்றாலே மாதவிலக்கால்தான் ரத்தம் குறைவு என்று நினைத்து மாத்திரையோடு விட்டுவிடுகிறோம். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் குறைந்தால், குடலில் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க மலப் பரிசோதனை இருக்கிறது.

மூன்றாவது, குடும்பக் கணக்கு. அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யார், எந்த வயதில், என்ன நோயில் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே பரிசோதனை ஆரம்பிக்க வேண்டும்.

நான்காவது, கீரை, காய், சிறுதானியம் சாப்பிடுங்கள், புகையிலையையும் வீட்டு ஆண்களின் குடியையும் குறைக்கப் பாருங்கள். இவை வாய்ப்பைக் குறைக்கும். கஷாயம் குடிப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் எதிர்ப்பு சக்திப் பொடியை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்தாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. தகுதி உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். நோய் வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒன்று, இரண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் போய்ப் பார்த்த பிறகுதான் அபராதம் எழுத வேண்டும். இரண்டு, வைத்தியத்துக்காக உள்கடன் கேட்பவருடன் ஒரு உறுப்பினர் அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போக வேண்டும். எங்கள் பங்குக்கு, இனி ஊருக்கு வந்தால் நோட்டைத் திறக்கும் முன், வராதவர்கள் யார் என்று கேட்போம்.

அந்த அக்கா போன மாதம் கூட்டத்துக்கு வந்தார். அவரிடம் வாங்கிய முப்பது ரூபாய் அபராதத்தைக் குழு திருப்பிக் கொடுத்தது. "விதி விதிதானே" என்று வாங்க மறுத்துவிட்டார். அவர் பேரில் சேமிப்பில் வரவு வைத்திருக்கிறார்கள்.